மாங்கன்று: நெருக்கொட்டா, ஆப்பொட்டா?

நல்ல மரத்தின் கிளையை விதையில் முளைத்த கன்றோடு சேர்த்துக் கட்டுவதுதான் ஒட்டு; நெருக்கொட்டும் ஆப்பொட்டும் அதில் இரண்டு முறைகள். குளிர் நாடுகளில் வசந்தத்தில் ஒட்டுக் கட்டுவார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் பங்குனி வெயிலில் கட்டினால் குச்சி காய்ந்துவிடும். காற்றில் ஈரம் வேண்டும்: தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரல், கிழக்கே ஐப்பசி மழை.

நெருக்கொட்டில் கிளை தாய்மரத்திலேயே இருக்கும். தொட்டிக் கன்றை மரத்தோரம் கட்டிய பரணில் ஏற்றி, இரண்டிலும் இரண்டு அங்குலம் பட்டையோடு கொஞ்சம் கட்டையும் சீவிச் சேர்த்துக் கட்டவேண்டும். தாய்மரம் சாறு கொடுத்துக்கொண்டே இருப்பதால் தவறுவது குறைவு. ஆனால் இரண்டு, மூன்று மாதம் பரணேறித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆப்பொட்டுக்குத் தாய்மரம் பக்கத்தில் இருக்கவேண்டியதில்லை. ஆச்சி வீட்டு மரத்திலிருந்து பென்சில் கனத்தில் ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தால் போதும். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே, காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மொட்டு திரண்டு நிற்கும். பலர் தோற்பது இதை விட்டுவிடுவதால்தான். குச்சியை ஆப்பாகச் சீவி, பிளந்த கன்றில் செருகி, பட்டையோடு பட்டை பொருந்தக் கட்டி, பாலித்தீன் பையால் மூடுங்கள். மூன்று வாரத்தில் துளிர் தெரியும்.

ஒரே ஒரு கன்றுதான், அதுவும் தவறக்கூடாது என்றால் நெருக்கொட்டு. மற்றபடி நான் ஆப்பொட்டையே சொல்வேன்.