பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்களா, வண்ணாரப்பேட்டையில ஒரு நல்ல ரிப்பேர் கடை இருக்கு

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை கூட்டத்த தாண்டி ஒரு சந்துக்குள்ள போனா மாடிப்படிக்கு கீழ இருக்கு கடை. ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் போர்டுதான் மெயின் வேலை, ஆனா 80கள்ல வந்த ஹோம் கம்ப்யூட்டரயும் தைரியமா பிரிக்கிற ஆளு எனக்கு தெரிஞ்சு நம்ம ஏரியால இவர்தான்.

நான் எடுத்துட்டு போனது அப்பாவோட டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ், பிரிட்டன் கம்பெனி சிங்க்ளேரோட ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர புனே டெசிபெல்ஸ்காரங்க லைசென்ஸ் வாங்கி வித்தது. ஆன் பண்ணா வழக்கமா வர்ற சிங்க்ளேர் காப்பிரைட்ங்கற எழுத்து வராது, ஸ்க்ரீன் பூரா நெட்டுக்குத்தா கோடு கோடா நிக்கும். வேற ஒரு கடையில பாத்துட்டு ராம், அதாவது மெமரி, மொத்தமும் போச்சு, எட்டு சிப்பையும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க.

இந்த அண்ணன் மொதல்ல சிப்பு பக்கமே போகல, மீட்டர எடுத்தாரு. இதுல ராமோட முதல் 16 கிலோபைட்டு, அதாவது கீழ் 16கே, எல்லாம் 4116ங்கற மாடல் சிப்பு, அதுக்கு 5 வோல்ட் மட்டும் பத்தாது, 12ம் வேணும் மைனஸ் 5ம் வேணும், அந்த ரெண்டையும் போர்டுலயே ஒரு காயிலும் டிஆர்4ங்கற ட்ரான்சிஸ்டரும் சேந்துதான் உண்டாக்குது. டிஆர்4 அவுட்டு. 12 வோல்ட் லைன்ல ஏதோ கொஞ்சம் நிக்குது, மைனஸ் 5 சுத்தமா இல்ல, அப்படி இருந்தா 4116 சூடாகியே செத்துடுமாம். "இத விட்டுட்டு புது சிப்பு போட்டா அதுவும் காலி தம்பி"ன்னாரு. எனக்கு இந்த ஒரு விஷயத்துக்கே காசு குடுக்கலாம்னு தோணுச்சு.

பவர் சரியானதும்தான் ராம பாத்தாரு. சிப்பு ஒண்ணுக்கு ஒரு பிட்டு, ஸ்க்ரீன் மெமரியும் அதே கீழ் 16கேலதான் இருக்கு, அதனால ஸ்க்ரீன்ல பக்கத்து பக்கத்துல வர்ற ஒவ்வொரு எட்டு புள்ளியில எந்த புள்ளி தப்பா நிக்குதுன்னு பாத்தே, போர்டுல ஐசி6ல இருந்து ஐசி13 வரைக்கும் நம்பர் போட்ட எட்டு சிப்புல எது செத்துச்சுன்னு சொல்லிடலாம். போனது ரெண்டே ரெண்டு. செத்த சிப்போட கால்கள ஒண்ணொண்ணா வெட்டி எடுத்து சாக்கெட் போட்டாரு, போர்டுல இருக்கிற செம்பு ட்ராக் ஒண்ணு கூட பேந்துக்கல, அவ்ளோ சுத்தமான வேலை.

குறைன்னா ஃபோன் எடுக்க மாட்டாரு, 4116 கிடைக்கவும் ரொம்ப நாள் ஆச்சு, பழைய போர்டுல இருந்து கழட்டுன 4116 உங்ககிட்ட இருந்தா கையோட கொண்டு போங்க. கம்ப்யூட்டரோட அடாப்டரையும் மறக்காதீங்க, அது 9 வோல்ட், பின்னோட நடுமுனை மைனஸ், இப்ப கடையில வாங்குற அடாப்டர் முக்காவாசி நடுமுனை பிளஸ்தான்.