மூளை ஆபரேஷன் முடிந்தவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி ஆள் வைக்கப் போகிறீர்களா?

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூளைக் கட்டியை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. மெனிஞ்சியோமா, அதாவது மூளையை மூடியிருக்கும் உறையில் வளரும் கட்டி. புற்றுநோய் இல்லை என்று பயாப்ஸியில் வந்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நாங்கள் ஏமாந்தது அதற்கு அப்புறம்.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்தபோது அப்பாவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாலும் புரையேறியது. அதனால் சாப்பாடு கொடுக்க மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தார்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வேலை. வார்டு வாசலிலேயே ஒருவர் கார்டு நீட்டினார். "ட்ரெயின்டு நர்ஸ் சார், நியூரோ கேஸ் நிறையப் பார்த்தவங்க." இரவு ட்யூட்டிக்கு 1,200 ரூபாய், 15 நாள் பணம் முன்கூட்டியே. 18,000 ரூபாயை ஜிபேயில் போட்டேன். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டின் போட்டோ வந்தது. அதில் முகவரிகூட இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வந்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. மூன்றாம் நாள் இரவு பன்னிரண்டரைக்கு எழுந்து, கட்டிலில் தொங்கிய சார்ட்டைப் பார்த்தேன். 2 மணி இடது பக்கம், 4 மணி வலது பக்கம், 6 மணி மல்லாக்க என்று விடியும்வரைக்கும் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது! அந்தப் பெண் கட்டிலுக்குக் கீழே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்டேன். "பகல்ல இன்னொரு வீட்டுல ட்யூட்டிண்ணே. துணிக்கடையில இருந்தேன், இதுக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆச்சு" என்றாள். திட்ட மனசு வரவில்லை. மறுநாள் ஏஜென்சியில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டது என் தப்பு.

காலையில் டீ குடித்துவிட்டு வந்தால், கட்டில் தட்டையாகக் கிடக்கிறது. பெட்ஷீட் மாற்ற இறக்கியிருக்கிறாள், திரும்ப ஏற்றவில்லை. படுத்த வாக்கில் இருந்த அப்பாவுக்கு, சிரிஞ்சை அழுத்தி அழுத்திக் கஞ்சி ஏற்றிக்கொண்டிருந்தாள். ட்யூப்பில் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும், சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்க விட வேண்டும். இதெல்லாம் எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. அப்பா இருமினார், வாயோரம் கஞ்சி வழிந்தது, உதடு நீலமாகியது. நர்ஸுகள் ஓடி வந்து சளியை உறிஞ்சி எடுத்தார்கள். நுரையீரலுக்குள் போய்விட்டது, நிமோனியா. மறுபடி எட்டு நாள் ஐசியூ.

"வெளியாளை வைத்தது நீங்கள்தானே" என்றது ஆஸ்பத்திரி. கார்டு கொடுப்பவரைத் தினமும் வாசலில் நிற்க விட்டது யார் என்று கேட்டேன், பதில் இல்லை. ஏஜென்சிக்காரர் "வேற ஆள் அனுப்புறேன்" என்றார். மீதி 12 நாள் பணத்தைக் கேட்டதும் போனையே எடுக்கவில்லை. அட்டெண்டர் செலவைப் பெரும்பாலும் இன்சூரன்ஸும் தராது, தெரிந்துகொள்ளுங்கள்.

நர்ஸ் என்று யாராவது சொன்னால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஜிஎன்எம் என்ற நர்ஸிங் டிப்ளமோ மூன்று வருடப் படிப்பு, படித்தவர்களிடம் அந்த எண் இருக்கும். இல்லையென்றால் அவர் உதவியாளர், அவ்வளவுதான். துணி மாற்றவும் திருப்பிப் போடவும் வைத்துக்கொள்ளலாம், ட்யூப் பக்கம் விடாதீர்கள். வார்டு நர்ஸையே கூப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள். பணத்தை நாள் கணக்கில் கொடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் மனு போட்டிருக்கிறேன். அப்பா இப்போது குழைந்த சோறு சாப்பிடுகிறார், இடது கையால். போன வாரம் அந்த ஏஜென்சிக்காரர் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்: "சார், பேஷன்ட்டுக்கு ஆள் தேவைப்படுதா?"