காணொளிப் பெட்டிகளை அகற்றும் வயலன்ட்மங்கி

வன்னியில் எம்மில் பலர் செய்தி வாசிப்பது கைத்தொலைபேசியில், ரீலோட் செய்த டேட்டாவில்தான். நெல் விலையை அறியத் திறந்த பக்கத்தின் மூலையில் கேளாமலே ஒரு காணொளி ஓடத் தொடங்கி, வாசிக்கும் வரிகளை மறைத்து, பக்கத்தை நகர்த்த நகர்த்தக் கூடவே வருவது பொறுக்கத்தக்கதல்ல. இதற்கு நான் கண்ட சிறந்த தீர்வு, பயர்பொக்ஸ் உலாவியில் இலவசமாகச் சேர்க்கக்கூடிய வயலன்ட்மங்கி என்னும் நீட்சியாகும்.

இது தானாக எதையும் அகற்றாது. நாம் கொடுக்கும் ஸ்கிரிப்டை, அதாவது பக்கத்தை மாற்றியமைக்கும் சிறு நிரலை, அதில் குறித்த தளம் திறக்கும்போது இயக்கும். 2005 இல் கிரீஸ்மங்கி என்னும் பயர்பொக்ஸ் நீட்சி தொடக்கிவைத்த வழி இது. விளம்பரத் தடுப்பான்கள் பெரும்பாலும் விளம்பர நிறுவனங்களின் முகவரிகளைப் பார்த்தே தடுப்பதால், ஒரு தளம் தன் சொந்தக் காணொளியை மிதக்கவிடும்போது பல வேளைகளில் அதை விட்டுவிடுகின்றன.

ஆனால் பயன் முழுவதும் ஸ்கிரிப்டின் தரத்திலேயே தங்கியிருக்கிறது. பெட்டியைக் கண்ணுக்கு மறைப்பதோடு நின்றுவிடும் ஸ்கிரிப்டால் எமக்கு ஆதாயமில்லை. மறைந்த காணொளி பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும், டேட்டாவும் கரையும், சில வேளைகளில் குரலும் கேட்கும். நல்ல ஸ்கிரிப்ட் முதலில் காணொளியை நிறுத்தி, அதன் கோப்பு முகவரியை நீக்கி, அதன் பின்னரே பெட்டியைக் கழற்றும். பல தளங்கள் பக்கம் திறந்து சற்று நேரம் கழிந்தே பெட்டியை நுழைப்பதால், புதிதாகச் சேர்வதைக் கவனித்திருக்கும் மியூட்டேஷன் ஒப்சேவர் அதில் இருப்பதும் அவசியம்.

பிறர் எழுதியதை நிறுவுமுன் அதன் தொடக்கத்தில், அது எந்தெந்தத் தளங்களில் இயங்கும் என்று குறிக்கும் மட்ச் (@match) வரியைக் கட்டாயம் வாசியுங்கள். ஒரு செய்தித் தளத்துக்கான ஸ்கிரிப்ட் எல்லாத் தளங்களிலும் இயங்க இடம் கேட்டால், வங்கிப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சிடுவதையும் அதனால் பார்க்க முடியும். டம்பர்மங்கி என்னும் வேறொரு நீட்சியும் வயலன்ட்மங்கியின் இதே வேலையைச் செய்கிறது. ஆயினும் வயலன்ட்மங்கியின் நிரல் எவரும் பார்க்கத் திறந்திருப்பதால் நான் இதையே விரும்புகிறேன்.

குறைகளும் உண்டு. அன்ட்ரொயிட் தொலைபேசியின் குரோம் உலாவி நீட்சிகளை ஏற்காது. பயர்பொக்ஸ் போன்று நீட்சிகளை ஏற்கும் உலாவிக்கு மாறத்தான் வேண்டும். தளம் தன் நிரலில் பெட்டிக்கு இட்ட பெயரை மாற்றினால், அப்பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் அன்றே செயலிழந்துவிடும். பெயரைத் தேடாமல், திரையோடு ஒட்டி நிற்கும் பெட்டிக்குள் காணொளி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட்கள் நெடுநாள் உழைக்கின்றன.