பச்சை டிக்கைப் பார்த்து ஏமாறாதீங்க: பழைய லெதர் ஜாக்கெட்டில் 780 டாலர் போச்சு

எச்சரிக்கைப் பதிவு. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தப்பிக்கும் வழிகளைக் கடைசியில் சொல்கிறேன்.

டிசைனர் உடைகளை ஆட்களே ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் ஆப் ஒன்று. பெயர் வேண்டாம். போட்டால் முதலில் காணாமல் போவது இந்தப் பதிவாகத்தான் இருக்கும். தவிர, இதே ஏற்பாடு அந்த ஒரு ஆப்பில் மட்டும் இல்லை. வாங்கியது மெசோன் மார்ஜியேலா என்ற ஃபேஷன் நிறுவனத்தின் 5-ஜிப் லெதர் ஜாக்கெட், கறுப்பு, இத்தாலிய அளவு 48. கொடுத்தது 780 டாலர். பெட்டியில் வந்தது அதே வெட்டில் தைத்த போலி. புகார் கொடுத்தால் ஆப்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே வரிதான்: "இந்தப் பொருள் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது."

இந்தச் "சரிபார்க்கப்பட்டது" என்ற பச்சை டிக்கில்தான் மொத்த வில்லங்கமும் இருக்கிறது. சரிபார்ப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விற்பவர் பொருளை ஆப்பின் கிடங்குக்கு அனுப்புவார், அங்கே ஒருவர் கையில் எடுத்துப் பார்த்த பிறகு உங்களுக்கு வரும். இன்னொன்று, விற்பவர் ஏற்றிய படங்களை மட்டும் பார்ப்பார்கள். லேபிள், ஜிப், தையல், துவைப்புக் குறிப்புத் துணி ஆகியவற்றின் படம் சரியாக இருந்தால் டிக் விழுந்துவிடும். ஜாக்கெட்டை யாரும் தொடுவதே இல்லை. திரையில் பார்க்கும்போது இரண்டுக்கும் ஒரே பச்சை, ஒரே டிக். எது எந்த வகை என்பது விதிமுறைப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத எழுத்தில் கிடக்கும். படத்தைச் சரிபார்த்ததைப் பொருளைச் சரிபார்த்ததாகக் காட்டி அதற்குக் கட்டணமும் பிடிக்கிறார்களே, இதற்கு என்ன பெயர்?

இனி விற்றவன் நம்ப வைத்த விதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கமான "மோசடிக்காரன் அடையாளம்" எதுவும் இந்த ஆளிடம் இல்லை. விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கவில்லை. ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பு, வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லாத நண்பர்-குடும்பக் கணக்கில் போடு என்று கேட்கவே இல்லை. கார்டில், ஆப்புக்குள்ளேயே கட்டியாயிற்று. கேட்ட படமெல்லாம் வந்தது. பெயரும் தேதியும் கையால் எழுதிய காகிதத்தை ஜாக்கெட் மேல் வைத்து எடுத்த படம் வந்தது. அதுவும் வெட்டி ஒட்டியது அல்ல, காகிதத்தின் நிழல் தோலின் சுருக்கத்தோடு சேர்ந்து வளைந்திருந்தது. அளவுகளை அரை சென்டிமீட்டர் வரை சொன்னான்: அக்குளுக்கு அக்குள், தோள் அகலம், கை நீளம், பின்கழுத்துத் தையலிலிருந்து கீழ் விளிம்பு.

விஷயமும் தெரிந்தவன். மார்ஜியேலா லேபிளில் 0 முதல் 23 வரை எண்கள் இருக்கும், எந்தப் பிரிவோ அந்த எண்ணைச் சுற்றி வட்டம் இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 10 ஆண்களுக்கான கலெக்‌ஷன், 14 ஆண்களுக்கான நிரந்தர உடை வரிசை, 11 பை-பெல்ட் வகையறா, 22 காலணி. 14-இல் வட்டம் போட்ட லேபிளின் படத்தை நான் கேட்காமலே அனுப்பினான். துவைப்புக் குறிப்பில் "மெசோன் மார்ட்டின் மார்ஜியேலா" என்ற பழைய பெயர் இருப்பதையும் அவனே காட்டினான். 2015-இல் "மார்ட்டின்" பெயரிலிருந்து எடுக்கப்பட்டதால் இது அதற்கு முந்தைய சரக்கு என்று விளக்கமும் சொன்னான். அதற்கு மேல் ஒன்று: "ப்ரோ, இடது முழங்கைக்கு மேல ஒரு கீறல் இருக்கு, கிட்டப் போனாத்தான் தெரியும், பார்த்துட்டு வாங்குங்க." குறையைத் தானே எடுத்துச் சொல்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

அவன் சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. அசல் ஜாக்கெட் அவன் கையில் இருந்தது. அதுதான் வினையே. காகிதம் வைத்த படம், லேபிள், அளவு எல்லாமே பொருள் அவனிடம் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அதைத்தான் பெட்டியில் போடுவான் என்பதற்கு அவற்றில் எதுவும் சாட்சி இல்லை. ஒரு அசலை வைத்துக்கொண்டு எத்தனை போலியை வேண்டுமானாலும் விற்கலாம்.

வந்ததைப் பற்றி. படத்தில் வட்டம் 14-இல். கையில் இருக்கும் லேபிளில் வட்டம் 10-இல். அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. அசலில் லேபிளின் நான்கு மூலைகளிலும் தனித்தனியாக ஒவ்வொரு வெள்ளைத் தையல்தான் இருக்கும். இதில் மேல் விளிம்பு முழுக்க மெஷின் ஓட்டிவிட்டு, மூலைகளில் பேருக்கு வெள்ளை நூலை வைத்திருக்கிறார்கள். ஜிப்பை மேலே இழுத்தால் பல் பிடிக்கிற இடத்தில் தட்டுகிறது. பிடியின் வடிவமும் படத்தில் இருந்தது இல்லை. உள்பையைத் திருப்பி வெட்டு விளிம்பைப் பார்த்தால், பிளவுத் தோலின் (தோலைப் பிளந்தால் கிடைக்கும் மலிவான அடி அடுக்கு) மேல் பிளாஸ்டிக் பூச்சு, நகத்தால் கீறினால் தோலி மாதிரி உரிகிறது. நல்ல தோலை விரலால் அழுத்தினால் அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடும், விட்டதும் மறையும். இது மொத்தமாகக் குழிந்து மொத்தமாக எழும்புகிறது. (தீக்குச்சி கொளுத்திப் பார், தண்ணீர் விட்டுப் பார் என்பார்கள். செய்யாதீர்கள். கையில் இருப்பது இப்போது உடை அல்ல, சாட்சியம். அதில் நீங்கள் ஒரு தழும்பு போட்டால் "பொருளைச் சேதப்படுத்திவிட்டார்" என்பதுதான் அடுத்த பதில்.)

மாற்றி அனுப்பினான் என்பதற்கு மறுக்க முடியாத ஆதாரம் தோலின் ரேகை. மயிர்க்கால் துளைகள், கொழுப்புச் சுருக்கம், பூச்சிக்கடித் தழும்பு என்று ஒவ்வொரு தோலுக்கும் அமைப்பு வேறு. இரண்டு ஜாக்கெட்டில் அது ஒன்றாக அமையாது. செய்ய வேண்டியது இதுதான்: விளம்பரப் படத்தில் காலர் நுனி, ஜிப் ஓரம், தோள் தையல் கூடும் இடம் போன்ற ஏதாவது ஒரு தையல் சந்திப்பைத் தேர்ந்தெடுங்கள். வந்த ஜாக்கெட்டில் அதே இடத்தை, அதே கோணத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பூச்சுப் போட்டு அச்சு அழுத்திய தோலில் இன்னொன்றும் தெரியும்: ஒரே புள்ளிக்கோலம் சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். இதையெல்லாம் வரிசைப்படுத்தி, அம்புக்குறி போட்டு அனுப்பியாயிற்று. இடது முழங்கைக் கீறல் படத்தில் இருக்கிறது, பொருளில் இல்லை. கீறல் தானாக ஆறிவிட்டதா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பதில் வந்தவற்றின் லட்சணத்தைப் பாருங்கள். முதலில் இயந்திரப் பதில்: "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." அடுத்து, "படங்களை எங்கள் நிபுணர் குழு பார்த்து உறுதிசெய்துள்ளது." ஐயா, புகாரே அந்தப் படங்களில் இருக்கும் பொருள் வரவில்லை என்பதுதான்! அதற்கு அடுத்தவர் சொன்னது இன்னும் அழகு: 10, 14 இரண்டுமே ஆண்கள் உடை எண்கள், ஆகவே முரண்பாடு இல்லையாம். பிறகு, "அணிந்து பார்த்தீர்களா? அணிந்திருந்தால் திரும்பப் பெற இயலாது." பிறகு, பொருள் வந்த 3 நாளுக்குள் புகார் முடிவாகியிருக்க வேண்டும், கெடு தாண்டிவிட்டது என்றார்கள். அந்த 3 நாளும் இவர்களுடைய "பரிசீலனையில் உள்ளது" என்ற செய்தியிலேயே கழிந்தது. கெடு முடிந்ததும் விற்றவன் கணக்குக்கு என் 780 டாலரை விடுவித்துவிட்டார்கள். கடைசியில் நல்லெண்ண அடையாளமாக 15 டாலர் கூப்பன் வந்தது. 780 டாலரை விழுங்கிவிட்டு 15 டாலர், அதையும் அதே ஆப்பில்தான் செலவழிக்க வேண்டுமாம்.

விற்றவன் ஒரே ஒரு தடவை பேசினான். "நான் ஒரிஜினல்தான் அனுப்பினேன் ப்ரோ, நீங்கதான் மாத்திட்டு ஃபேக்கைக் காட்டுறீங்க." இதைத் தயாராக வைத்திருப்பார்கள், நினைவில் வையுங்கள். வாங்கியவரே மாற்றிவிட்டுப் புகார் கொடுப்பதும் இந்தச் சந்தையில் நடக்கிறது என்பதால் ஆப்காரர்கள் இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கணக்கே இல்லை.

இன்னொரு வலையும் விரித்தார்கள்: "உங்கள் செலவில் விற்றவருக்கே திருப்பி அனுப்புங்கள், அவர் பெற்றதும் பணம் பற்றிப் பேசலாம்." அனுப்பினால் சாட்சியம் கையை விட்டுப் போய்விடும், பணமும் வராது. அதுமட்டுமல்ல, போலிப் பொருளை அஞ்சலில் அனுப்பவே பல நாடுகளில் தடை உண்டு. பணத்தை முதலில் திருப்பித் தருவதாக எழுத்தில் வராமல் அசையக் கூடாது.

இப்போது வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கேட்கும் மனு) போட்டிருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம். விசா கார்டில் "போலிப் பொருள்" என்பதற்குத் தனிக் காரணக் குறியீடு உண்டு, 13.4. ஆனால் அதில் போனால் பிராண்டோ, சுங்கத் துறையோ, நடுநிலை நிபுணரோ போலி என்று சொன்ன ஆதாரத்தை வங்கி கேட்கும். பழைய ஜாக்கெட்டுக்கு அப்படி எழுதி வாங்குவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. "விவரித்தபடி பொருள் இல்லை" என்பது 13.3. அதற்கு விளம்பரப் படமும் வந்த பொருளின் படமும், விற்றவருடன் பேசித் தீர்க்கவும் பொருளைத் திருப்பித் தரவும் முயன்றதற்கான செய்திகளும் வேண்டும். 14-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வங்கி ஊழியருக்கு ஃபேஷன் தெரிய வேண்டியதில்லை. பொதுவாக 120 நாள் அவகாசம் இருக்கும். பேபால் வழியாகக் கட்டியிருந்தால் டிஸ்ப்யூட் (விற்றவருடன் பேசித் தீர்க்கும் முதல்கட்டப் புகார்) திறக்க 180 நாள், ஆனால் அதைத் திறந்த பிறகு 20 நாளுக்குள் கிளெய்மாக (பேபாலே முடிவு சொல்லும் புகாராக) உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். சார்ஜ்பேக் போட்டதும் ஆப் கணக்கை முடக்குவார்கள், முடக்கிவிட்டார்கள். ஆகவே செய்திகள், விளம்பரப் பக்கம், ரசீது எல்லாவற்றையும் அதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

லெதருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்டோன் ஐலேண்ட் பிராண்ட் உடை வாங்குகிறவர்கள் உடையின் கைப்பகுதியில் இருக்கும் திசைகாட்டி பேட்ஜைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது இரண்டு பட்டனில் மாட்டியது, நொடியில் கழன்று வரும். அசல் பேட்ஜ் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. போலி உடம்பில் அசல் பேட்ஜை மாட்டினால் முடிந்தது கதை. சர்ட்டிலோகோ எண்ணை (அசலா என்று இணையத்தில் சரிபார்க்க லேபிளில் இருக்கும் எண்) படத்திலிருந்து எடுத்துத் தட்டி "அசல்" என்று வந்தாலும் அது படத்தில் உள்ள உடைக்கான பதில்தான். பொருள் வந்த பிறகு உள்லேபிளில் உள்ள எண் அதேதானா என்று மறுபடி பாருங்கள். கோம் டெ கார்சோன் என்ற ஜப்பானிய பிராண்டின் துவைப்புக் குறிப்பில் தயாரித்த ஆண்டு இருக்கும். படத்தில் பார்த்த ஆண்டும் வந்ததில் உள்ள ஆண்டும் ஒன்றா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சரி, சொன்ன வழிகள். எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, சுருக்கமாக.

பச்சை டிக் இருந்தால் "பொருள் கிடங்குக்கு வருமா, படம் மட்டுமா" என்று ஆப்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள். படம் மட்டும் என்றால் டிக் இல்லாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு முன் ஜாக்கெட்டைத் தராசில் வைத்து கிராம் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். பெட்டி வந்ததும் கூரியர் சீட்டில் உள்ள எடையைப் பாருங்கள். பெட்டியோடு சேர்த்தும் ஜாக்கெட்டின் எடையைவிடக் குறைவாக இருந்தால் பிரிப்பதற்கு முன்பே புகார்.

பெட்டியை ஒரே ஓட்டமாக, நிறுத்தாமல் வீடியோ எடுத்துப் பிரியுங்கள்: முகவரிச் சீட்டு, டேப் ஒட்டிய ஆறு பக்கம், உள்ளே லேபிள். "பொருள் சரியாக உள்ளது" பட்டனை அழுத்தினால் பரிசாகப் புள்ளிகள் தருவார்கள். அந்தப் புள்ளி வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே ஜாக்கெட் வேறு பெயரில், 740 டாலருக்கு மறுபடி ஏறியிருக்கிறது. படத் தேடலில் சிக்காமல் இருக்க முழு ஜாக்கெட் படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான், கீறல் இப்போது வலது முழங்கைக்கு மேல் தெரிகிறது. எழுத்து தலைகீழாகிவிடும் என்பதால் லேபிள் படத்தை மட்டும் திருப்பவில்லை. கறுப்பு, 48, வட்டம் 14-இல், பச்சை டிக்கும் விழுந்துவிட்டது. பார்த்தால் புகார் பட்டனைத் தட்டுங்கள், வாங்காதீர்கள்.