லேசிக் முடியாது என்றார்கள், அதனால்தான் நம்பினேன்

எனக்கு இரண்டு கண்ணிலும் கண்ணாடி பவர் மைனஸ் 11.5. கோத்தகிரி மூடுபனியில் கொழுந்து எடுக்கப் போனால் நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியை முந்தானையில் துடைக்க வேண்டும். கழற்றினால் கைக்கு எட்டும் செடிகூடப் பச்சை மூட்டம்தான்.

லேசிக் என்பது கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலத்தை, லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்வது. முதலில் போன ஓர் இடத்தில் அதை அளக்காமலே "லேசிக் பண்ணிடலாம்" என்று முன்பணம் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். இது கோவையில் அடுத்துப் போன மருத்துவமனையைப் பற்றி.

காண்டாக்ட் லென்ஸை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். அளந்து பார்த்ததில் என் கருவிழியின் தடிமன் 490 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டாக்டரம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டார்: கருவிழியின் மேலடுக்கை வெட்டித் தூக்கும் மூடிக்கு 110, என் பவருக்குச் செதுக்க வேண்டியது சுமார் 160. மிச்சம் 220. குறைந்தது 250 வேண்டும், 300 இருந்தால்தான் அவருக்கு நிம்மதியாம். மெலிந்த கருவிழி நாளடைவில் முன்னால் பிதுங்கிப் பார்வையே கெட்டுப்போகலாம். "உங்களுக்கு லேசிக் வேண்டாம்மா" என்றார். என் சொந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதையும் மறுத்தார். அப்படி எடுத்தால் இந்த வயதிலேயே கிட்டப் படிக்கும் சக்தி போய்விடும், விழித்திரை விலகும் ஆபத்தும் கூடும்.

மிஞ்சியது ஐசிஎல். கருவிழியைச் செதுக்காமல், கருமணிக்குப் பின்னால், நம் சொந்த லென்ஸுக்கு முன்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றைச் செருகுவது. தேவைப்பட்டால் வெளியே எடுக்கலாம். அதற்குக் கண்ணின் முன்னறையில் ஆழம் வேண்டும்; எனக்கு 3.2 மில்லிமீட்டர் இருந்தது. கண்புரை, கண் அழுத்தம், கிருமித்தொற்று, கருவிழியின் உள்செல்கள் குறைவது என்று எல்லா ஆபத்தையும் கையெழுத்து வாங்கும் முன்பே, அம்மாவுக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார்கள். வலது விழித்திரை ஓரத்தில் மெலிந்த இடம் ஒன்று தெரிந்ததால் அதற்கு லேசர் போட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் ஆபரேஷன்.

ஆபரேஷன் அன்றே ஊர் திரும்பலாம் என்றிருந்தேன், விடவில்லை. சில மணி நேரத்தில் கண் அழுத்தம் ஏறக்கூடும் என்று சாயங்காலம் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை பார்த்தார்கள். அது சரிதான்.

ஒரு குறை உண்டு. முதல் நாள் பரிசோதனையில் கருமணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவோம் என்று முன்கூட்டியே சொல்லவில்லை. அந்தக் கண்ணோடு மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி வந்தது பெரும் அவதி. மலையிலிருந்து போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடியும் துணைக்கு ஆளும் இல்லாமல் போகாதீர்கள்.

இப்போது ஏழு மாதம். பார்வை தெளிவு. இரவில் எதிரே வரும் ஜீப் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, முன்பைவிடக் குறைவு. "கண்ணாடிதான் போச்சு, கண்ணோட நீளம் அப்படியேதான் இருக்கு" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். நீண்ட கண்ணில் விழித்திரை விலகும் ஆபத்து ஆபரேஷனால் போய்விடாது; அதனால் வருஷா வருஷம் விழித்திரையைக் காட்ட வேண்டும். நடுவில் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றே மலை இறங்கிவிட வேண்டும்.