மியர்பேங்க் காற்றைப் படமாக்கியவர்: ஓர் ஆவணப்பட இயக்குநரின் பணி குறித்து

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தென்பகுதியில் உள்ள மியர்பேங்கில் நாங்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி ஒரு படம் எடுத்துத் தருமாறு, உள்ளூர்ச் சமூகப் பிரச்சினைகளை மட்டுமே பொருளாகக் கொண்டு பணியாற்றும் ஆவணப்பட இயக்குநர் ஒருவரை எங்கள் குடியிருப்போர் குழு அமர்த்தியது. படம் கோயில் மண்டபத்தில் திரையிடப்பட்ட பிறகு, சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட் பகுதி அன்பர்கள் அவருடைய வேலை எப்படி என்று கேட்டு வருவதால் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் எளிதானதன்று. 1954 முதல் இயங்கிய வென்ட்வொர்த் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒருபுறம், 1963இல் தொடங்கிய மற்றோர் ஆலை தெற்கே, அருகிலேயே காகித ஆலை என்று புகைபோக்கிகளுக்கிடையே வளர்ந்த குடியிருப்பு இது. நிறவெறி ஆட்சியில் 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே வாழலாம் என்று வரையறுத்துவிட்டதால், விலகிச் செல்லவும் பலருக்கு வழியிருக்கவில்லை. இந்த வரலாற்றை அவர் தனிப்பாடமாகச் சொல்லாமல், ஒரு ஆயா தம் வீட்டுக் கொல்லையைக் காட்டிப் பேசும்போதே அதனோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

காற்றைக் காட்ட முடியாது. அதனால் காற்று செய்வதைக் காட்டுகிறார். நாற்றம் வீசத் தொடங்கியதும் கொடியிலிருந்து துணிகளை அவசரமாக எடுக்கும் கைகளும், வகுப்பறை மேசையில் பெயர் எழுதி வரிசையாக வைக்கப்பட்டுள்ள ஆஸ்துமா பம்புகளும் எந்த வர்ணனையும் இல்லாமல் வருகின்றன. 2020 டிசம்பர் 4 அன்று வென்ட்வொர்த் ஆலையில் நடந்த வெடிப்பை, எரியும் காட்சிகளை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பயமுறுத்தாமல், அன்று காலை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறார். காற்று மாசைக் குறைப்பதற்கென 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தென்டர்பன் பல்முனைத் திட்டத்திற்குப் பின் கந்தக டை ஆக்சைடு அளவு குறைந்ததையும் மறைக்கவில்லை. எங்கள் பக்கம் நின்று எடுத்த படமாக இருந்தும் இந்த நேர்மை அதில் இருப்பதால்தான் நகராட்சி அதிகாரிகள் முன்னும் அதைத் தயங்காமல் போட்டுக்காட்ட முடிகிறது.

என்னைப் பொறுத்தவரை, அவருடைய பணியில் மிக உயர்ந்தது மனிதர்களை அவர் நடத்திய விதமே. கேமராவை எடுக்குமுன் வீடு வீடாக வந்து உட்கார்ந்து பேசினார். ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகாமல், எந்தப் பகுதி வெளியே வரும், யார் பார்க்கக்கூடும் என்பதை விளக்கினார். ஆலையில் வேலை செய்யும் மகனுக்குத் தொந்தரவு வருமே என்று அஞ்சிய ஒரு தாயின் முகத்தையும் குரலையும், அந்தத் தாய் கேட்டுக்கொண்ட அன்றே நீக்கிவிட்டார். படத்தொகுப்பு முடியும் முன் பேசியவர்கள் அனைவரையும் அழைத்துத் திரையிட்டு, அவர்கள் சொன்ன திருத்தங்களை ஏற்றார். நோயாளிகளின் இருமலையும் கண்ணீரையும் வைத்து இரக்கம் தேடும் படங்களை நாங்கள் போதிய அளவு பார்த்திருக்கிறோம்; இந்தப் படத்தில் எங்கள் மக்கள் வாதாடுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு உடல்நலத்துக்குத் தீங்கில்லாத சுற்றுச்சூழலைத் தங்களுக்கு உரிமையாக்கியிருப்பதை எடுத்துச் சொல்கிறார்கள்.

கட்டணத்தை மூன்று தவணைகளாக வாங்கினார். கணக்கு தெளிவாக இருந்தது. வெட்டப்படாத முழுப் பதிவுகளின் ஒரு பிரதியையும் குழுவிடம் ஒப்படைத்தார். இதை எல்லா இயக்குநர்களும் செய்வதில்லை என்பதால், யாரை அமர்த்தினாலும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுகளில் உள்ள முதியவர்களின் பேச்சு, படத்தில் இடம்பெறாத பகுதிகள் உட்பட, இன்று எங்கள் ஊரின் சொத்து.

குறைகளும் உண்டு. கடற்காற்று வீசிய இடங்களில் சில பேட்டிகளின் ஒலி தெளிவாக இல்லை. ட்ரோன் காட்சிகள் தேவைக்கு அதிகம். எல்லாவற்றையும்விட, வேலிக்கு அந்தப் பக்கம் வென்ட்வொர்த்தில் இதே புகையைச் சுவாசிக்கும் கலர்ட் (நிறவெறி ஆட்சி கலப்பினத்தார் என்று வகைப்படுத்திய) குடும்பங்களுக்கும், தென்மேற்கே உம்லாசியில் வாழும் ஜூலு மக்களுக்கும் படத்தில் சில நிமிடங்களே கிடைத்திருப்பது பெரிய குறை. காற்றுக்கு இனப் பிரிவினை தெரியாது என்று சொல்லும் படமே அவர்களை ஓரத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது.

பள்ளிகளுக்கான சுருக்கப் பதிப்பையும் அவரிடமே ஒப்படைத்துள்ளோம். வென்ட்வொர்த், உம்லாசி மக்களின் பேட்டிகள் அதில் கூடுதலாக இடம்பெற வேண்டும் என்பதை இம்முறை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம். அவரும் மனமுவந்து கையெழுத்திட்டிருக்கிறார்.