பி.எச்.பி.யைப் பூட்டி ஐந்து வருடம்: எது நின்றது, எதை நானே கழற்றினேன்

சின்னக் கடைகள், இரண்டு பள்ளிகள், ஒரு அச்சகம் என்று பதினொரு இணையதளங்கள் என் பொறுப்பில் ஒரே வி.பி.எஸ்.ஸில் (மெய்நிகர் சர்வரில்) ஓடுகின்றன. வெப் சர்வர் எஞ்சின்எக்ஸ், பி.எச்.பி. நிரல்களை ஓட்டுவது பி.எச்.பி. எஃப்.பி.எம்., தளங்கள் பெரும்பாலும் வேர்ட்பிரஸ். 2020 கடைசியில் அதில் ஒன்றில் புகுந்தவன், வேறு மூன்றிலும் கை வைத்துவிட்டுப் போனான். அன்றுவரை பி.எச்.பி.யின் அமைப்புகள் இருக்கும் பி.எச்.பி. ஐ.என்.ஐ. கோப்பை நான் திறந்ததெல்லாம் அப்லோடு அளவைக் கூட்டுவதற்கு மட்டும்தான்.

பழைய ஃபார்ம் பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல்) ஒன்றின் ஓட்டை வழியாக, படங்கள் சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு பி.எச்.பி. கோப்பு வந்து உட்கார்ந்திருந்தது. பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினால் ஓடும். எல்லாத் தளங்களும் சர்வரின் ஒரே யூசர் கணக்கில் ஓடியதால் பக்கத்து வீடுகளுக்கும் அதே சாவி.

பயத்தில் முதலில் செய்தது, எங்கிருந்தோ கிடைத்த நீளமான டிஸேபிள் ஃபங்ஷன்ஸ் பட்டியலை, அதாவது பி.எச்.பி.யில் தடுக்க வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியலை, அப்படியே ஒட்டியது. நாற்பது பெயராவது இருக்கும். மறுநாளே ஒரு துணிக்கடையில் பணம் கட்டும் பக்கம் நின்றுவிட்டது. பட்டியலில், வெளிச் சர்வரோடு பேச உதவும் கர்ல் எக்ஸெக்கும் இருந்திருக்கிறது! அதை எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டேன். அதுதான் தப்பு.

7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்ததும் ஒன்றைத் தவிர எல்லோரையும் 8-க்கு மாற்றினேன். அடுத்த வாரம் அதே கடைக்காரரிடமிருந்து போன்: “தம்பி, பேக்கப் எடுக்கப் போனா வெறும் வெள்ளையா நிக்குதுப்பா.” டிஸ்ப்ளே எரர்ஸை அணைத்து வைத்திருந்தேன், அது சரிதான், பிழைச் செய்தி வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது. லாகில் பார்த்தால், என் பட்டியலில் மிச்சமிருந்த செட் டைம் லிமிட் (நிரல் ஓடும் நேர வரம்பை வைப்பது) என்றொரு ஃபங்ஷனே இல்லை என்கிறது. 7.4 வரை, தடுத்த ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும்; பிளகின்காரர்கள் முன்னால் ஒரு அட் (@) குறி போட்டு அதை அமுக்கிவிடுவார்கள். 8-இலிருந்து தடுத்தது இல்லாததற்குச் சமம். அட் குறி காப்பாற்றாது, பக்கமே விழுந்துவிடும்.

இப்போது என் பட்டியலில் ஆறே பெயர்கள், எல்லாம் சர்வரில் கட்டளை ஓட்டுபவை: எக்ஸெக், ஷெல் எக்ஸெக், சிஸ்டம், பாஸ்த்ரூ, பிஓபன், ப்ராக் ஓபன். பி.எச்.பி. நூலகங்களை இறக்கித் தரும் கம்போஸர் கமாண்ட் லைனில் ஓடுகிறது, அதற்குத் தனி ஐ.என்.ஐ. இருப்பதால் இடிக்கவில்லை. எழுத்துச் சரத்தை நிரலாக ஓட்டும் ஈவாலையும் தடுத்துவிட்டோம் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஈவால் ஃபங்ஷனே இல்லை, மொழியின் ஒரு அங்கம். அந்தப் பட்டியலில் எழுதினாலும் ஒன்றும் ஆகாது.

உண்மையில் தாங்கிப் பிடித்தவை இரண்டு. முதலாவது, அப்லோட்ஸ் ஃபோல்டரில் பி.எச்.பி. ஓடவிடாமல் எஞ்சின்எக்ஸில் போட்ட மூன்று வரி. அதையும் முதல் தடவை சொதப்பினேன். பொதுவான பி.எச்.பி. பிளாக்குக்குக் கீழே எழுதியிருந்தேன். ரீஜெக்ஸ் லொகேஷன்களில் (முகவரியின் வடிவத்தைப் பார்த்துப் போடும் விதிகளில்) எது முதலில் பொருந்துகிறதோ அதுதான் எடுபடும். வணக்கம் என்று மட்டும் அச்சிடும் ஒரு கோப்பை உள்ளே போட்டுத் திறந்து பார்த்தேன், வணக்கம் என்றே வந்தது. மேலே தூக்கி வைத்த பிறகுதான் 403, அதாவது அனுமதி மறுப்பு. அப்புறம் இரண்டு முறை அதே மாதிரி கோப்புகள் உள்ளே வந்தன, லாகில் 403 வரிசையாக நிற்கிறது. கோப்பு வந்தது, ஓடவில்லை.

இரண்டாவது, தளத்துக்கு ஒரு எஃப்.பி.எம். பூல் (பி.எச்.பி.யை ஓட்டும் தனிக் குழு), பூலுக்கு ஒரு யூசர். லாகின் போன்ற தற்காலிக விவரங்கள் சேரும் செஷன் ஃபோல்டரையும் தனித்தனியாகப் பிரித்தேன். இரண்டு ஜி.பி. ரேமில் பதினொரு பூல் தாங்குமா என்று பயந்தேன். ஆன் டிமாண்டில், அதாவது ஆள் வந்தால் மட்டும் எழும்படி வைத்ததால் தாங்குகிறது. ஆள் வராத தளத்தில் முதலில் வருபவர் ஒரு நொடி காத்திருப்பார், அவ்வளவுதான்.

ஆனால் பூல் யூசரே நிரல் கோப்புகளுக்கும் சொந்தக்காரன் என்றால் பாதி வேலைதான். உள்ளே வந்தவன் தீம் கோப்பையே திருத்தலாம். ஆகவே நிரல் கோப்புகளுக்கு வேறு யூசர், பூலுக்கு எழுதும் உரிமை அப்லோட்ஸிலும் கேஷிலும் மட்டும். இதனால் டாஷ்போர்டில் அப்டேட் பொத்தான் வேலை செய்யாமல் போனது. அப்டேட்டை, வேர்ட்பிரஸைக் கமாண்ட் லைனில் இயக்கும் டபிள்யூ.பி. சி.எல்.ஐ. வழியாக, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரானில் இரவு ஓட்டுகிறேன். கடைக்காரர்களுக்கு இதில் இன்றும் வருத்தம்தான், “புது பிளகின் நானே போட முடியலையே” என்பார்கள். அவர்களாகப் போட முடியாததில் எனக்குச் சந்தோஷம்.

குறித்த ஃபோல்டர்களுக்கு வெளியே பி.எச்.பி.யைக் கோப்புகளைத் தொடவிடாத ஓபன் பேஸ்டிர் பற்றி எனக்கு இரண்டு மனசு. அதை இயக்கினால், கோப்புப் பாதைகளை நினைவில் வைக்கும் ரியல்பாத் கேஷ் அணைந்துவிடும். பிளகின் நிறைய உள்ள ஒரு கடையில் அந்த மந்தம் கண்ணுக்கே தெரிந்தது, அங்கே மட்டும் எடுத்துவிட்டேன். பி.எச்.பி. கையேடே அதை முழுமையான பாதுகாப்பு இல்லை, கூடுதல் வலை என்றுதான் சொல்கிறது. இதற்கு முன் சேஃப் மோட் என்று ஒன்றை நம்பினோம், 2012-இல் 5.4 பதிப்போடு அதைத் தூக்கியே விட்டார்கள்.

பி.எச்.பி. பதிப்பை வெளியே காட்டும் எக்ஸ்போஸ் பி.எச்.பி.யை அணைப்பது ஒரு வரி, அணைத்துவிடுங்கள். ஆனால் தளம் பூட்டிவிட்டது என்று நினைக்காதீர்கள். சர்வர் தராத செஷன் அடையாளத்தை ஏற்காத செஷன் ஸ்ட்ரிக்ட் மோடும், ஜாவாஸ்கிரிப்டுக்கு எட்டாத எச்.டி.டி.பி. ஒன்லி குக்கியும் இன்றுவரை எதையும் உடைக்கவில்லை.

அச்சகத்தின் பழைய பில்லிங் நிரல் மட்டும் இன்னும் 7.4-இல்தான் கிடக்கிறது. எழுதிய பையன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. தனி பூலில், அவர்கள் அலுவலக ஐ.பி.க்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். ஐ.பி. மாறினால் காலையிலேயே போன் வந்துவிடும்.